பழைய மஸ்கெலியாவின் மேட்டுச் சவக்காலை: கற்களை வாசிப்பதும் பதிவு செய்வதும் எப்படி?

மேட்டுலயம் எழுதியது:

இலங்கை மலைநாட்டில், மவுசாக்கலை நீர்த்தேக்கத்தை ஒட்டிய ஒரு தோட்டத்தில், தேயிலை மலைக்கும் காட்டுக்கும் இடையிலுள்ள மேட்டில், பழைய சவக்காலை ஒன்று இருக்கிறது. தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரர்களான துரைமாரின் பெயரால் தோட்டத்து மக்கள் அதைத் 'துரைமார் சவக்காலை' என்பார்கள். 1969 இல் மவுசாக்கலை அணை கட்டப்பட்டு மஸ்கெலியா ஓயா தேங்கியபோது, ஆற்றோரம் இருந்த பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியதும், இன்றைய நகரம் மேட்டில் புதிதாக எழுந்ததும் இப்பகுதியில் எல்லோரும் அறிந்தவை. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய ஊரின் கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் இடிபாடுகளைப் பார்க்க ஊர் திரண்டு போகிறது, பத்திரிகைகளிலும் படம் வருகிறது. அந்த ஊர் உயிரோடு இருந்த காலத்துச் சவக்காலையோ ஆண்டு முழுவதும் கண்ணெதிரே இருந்தும், விறகுக்குப் போகிறவர்களைத் தவிர வேறு யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

நான் வரலாறு கற்பிக்கும் ஆசிரியன். உயர்தர வகுப்பு மாணவர்கள் சிலருடன் சேர்ந்து அங்குள்ள கற்களைப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறேன். மானாப் புல்லையும் அட்டைகளையும் சமாளித்துக்கொண்டு பார்த்த அளவில், பெரும்பாலான கற்கள் ஆங்கிலத்தில், 1870களையும் 1880களையும் சேர்ந்தவையாக உள்ளன. இறந்தவர்களில் பலர் முப்பது வயதைக் கடக்காதவர்கள். ஒருவருக்குச் சொந்த ஊர் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் என்று பொறித்திருக்கிறது. பளிங்குக் கல் ஒன்றில் எழுத்தே இல்லை, வரிசை வரிசையாகச் சிறு துளைகள் மட்டுமே உள்ளன. அது அலங்காரமா, வேறு எதுவுமா என்று எங்களுக்கு விளங்கவில்லை.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொரு கல். மதிலின் கீழ் மூலையில், மற்றவற்றிலிருந்து விலகி, முழங்கால் உயரத்துக்குக் கருங்கல் ஒன்று நிற்கிறது. அதில் இருப்பது தமிழ். மேல் வரி உடைந்து போயிருக்கிறது. அடுத்த வரி 'உபதே', பிறகு சிதைவு, பிறகு 'யார் மகள்'. அதற்கடுத்த வரியை மாணவர்கள் எழுத்தெழுத்தாகப் பார்த்து 'தாரண ளு ஆவணி மீ யஉ உ' என்று எழுதி வந்தார்கள். கடைசி வரி 'வயது ரு'. இவற்றில் பாதிக்கு எங்களால் பொருள் காண முடியவில்லை.

இந்தத் தமிழ்க் கல்லை எப்படி வாசிப்பது, பாசி பிடித்த கற்களைக் கெடுக்காமல் எப்படிச் சுத்தம் செய்வது, யாரிடம் அனுமதி கேட்பது, இறந்தவர்களைப் பற்றிய பதிவுகளை எங்கே தேடுவது ஆகியவற்றை அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


ஏடுபடிப்பவன் எழுதியது:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவர்கள் கண்ணால் கண்டதை மாற்றாமல் எழுதி வந்ததால்தான் இதை இங்கிருந்தே வாசிக்க முடிகிறது. 'ளு' என்று தோன்றுவது வருடத்தைக் குறிக்கும் பழைய குறி, ௵. 'மீ' போன்றது மாதக் குறி, ௴. கடைசியில் தனியாக நிற்கும் 'உ' தேதிக்குரிய குறி, ௳. அதற்கு முன்னுள்ள 'யஉ' தமிழ் இலக்கத்தில் எழுதிய பன்னிரண்டு: பத்துக்குரிய ௰, இரண்டுக்குரிய ௨. 'வயது ரு' என்பதிலுள்ள 'ரு' ஐந்துக்குரிய ௫. எனவே அந்த இரண்டு வரிகளும் 'தாரண வருடம் ஆவணி மாதம் 12 ஆம் தேதி, வயது 5' என்று முடிகின்றன. பழைய கடன் பத்திரங்களையும் கோயில் கணக்கேடுகளையும் புரட்டியவர்களுக்கு இவை பழகிய குறிகளே. பாடசாலையில் இவற்றைக் கற்பிப்பதை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டதால் இன்று அந்நியமாகத் தெரிகின்றன.

அடுத்தது, எந்தத் தாரண வருடம் என்பது. அறுபது ஆண்டுச் சுழற்சியில் பிரபவ 1867 ஏப்ரலில் தொடங்கியது. தாரண பதினெட்டாவது ஆண்டாகையால் 1884 சித்திரையிலிருந்து 1885 பங்குனி வரை வருகிறது. இதற்கு முந்திய தாரண 1824, பிந்தியது 1944. 1824 இல் மஸ்கெலியாப் பக்கம் தோட்டம் எதுவும் இல்லை. சிவனொளிபாதமலையைச் சுற்றிய அந்தக் காடு, கோப்பிக் காலத்தின் பிற்பகுதியில்தான் வெட்டித் திறக்கப்பட்டது. 1944 அளவில் கிறிஸ்தவக் கல்லறைகளில் ஆங்கில ஆண்டும் ஆங்கில இலக்கமும் எழுதுவதே பெருவழக்காகிவிட்டது. சுற்றிலுமுள்ள கற்களின் காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் 1884 ஆகஸ்ட் கடைசி வாரம் என்று கொள்வதே பொருத்தம். எனினும் பதிவேட்டில் 'தாரண, ஆவணி 12' என்று கல்லில் உள்ளதை முதலில் எழுதி, ஆங்கிலத் தேதியை உங்கள் கணிப்பாகத் தனிப் பத்தியில் எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் பின்னால் வருகிறவர் எது கல், எது ஆசிரியர் என்று பிரிக்க முடியாது.

'உபதே… யார்' என்பதை 'உபதேசியார்' என்று நிரப்புவதில் எனக்குத் தயக்கம் இல்லை. கோப்பித் தோட்டங்களில் இருந்த தமிழர்களுக்கென 1854 இல் சேர்ச் மிஷனரி சங்கத்தார், சில தோட்டத் துரைமாரின் பண உதவியோடு, 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற பெயரில் ஒரு பணியைத் தொடங்கினார்கள். அதில் தோட்டம் தோட்டமாக நடந்து சென்று போதித்தவர்களும், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்களும் தமிழ் உபதேசியார்களே. அப்படி ஒருவருடைய ஐந்து வயது மகள் துரைமாரின் மதிலுக்குள்ளேயே, ஆனால் கீழ் மூலையில், அடக்கம் செய்யப்பட்டிருக்கிறாள். மதிலுக்குள் இடம் கிடைத்ததற்கு மதமும், மூலை கிடைத்ததற்கு நிறமும் காரணமாக இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அவளுடைய பெயர் இருந்திருக்க வேண்டிய மேல் வரியின் உடைந்த துண்டு கல்லடியில் மண்ணுக்குள் கிடக்கவும் கூடும். அதைத் தோண்டாதீர்கள். மேலே தெரிந்தால் மட்டும் படமெடுத்துவிட்டு அதே இடத்தில் விடுங்கள்.


கல்தச்சன் எழுதியது:

அந்தத் துளைகள் அலங்காரம் அல்ல. அக்காலத்துப் பளிங்குக் கற்களில் எழுத்தின் வடிவத்தை மேலோட்டமாகச் செதுக்கி, ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் சில சிறு துளைகள் இட்டு, அவற்றில் ஈயத்தை அறைந்து, மேற்பரப்பைச் சமமாகத் தேய்த்துவிடுவார்கள். மழையிலும் வெயிலிலும் ஈயம் தளர்ந்து விழும், அல்லது ஈயத்துக்கு ஆசைப்பட்டவர்கள் நெம்பி எடுத்துவிடுவார்கள். எஞ்சிய துளைகளைக் கொண்டே பெயரை வாசிக்கலாம். ஒரே எழுத்துக்குத் துளைகள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் இருக்கும் என்பதால், 'நினைவாக', 'பிறந்தார்', 'இறந்தார்' போன்ற வழக்கமான ஆங்கிலச் சொற்கள் வரும் இடங்களை முதலில் அடையாளம் கண்டு, அங்கிருந்து எழுத்துக்கும் துளைக்கும் ஒரு பட்டியல் செய்துகொண்டால் மற்ற வரிகள் தாமாகவே பிடிபடும். உயர்தர மாணவர்கள் இதை உற்சாகமாகச் செய்வார்கள்.

சுத்தம் செய்வதைப் பற்றிக் கேட்டீர்கள். வாசிப்பதற்குப் பெரும்பாலும் சுத்தம் செய்யத் தேவையே இல்லை. காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள், நண்பகலில் தெரியாத எழுத்து அப்போது தெரியும். மஸ்கெலியாவில் வெயிலை நம்ப முடியாது என்பதால், ஒரு மாணவர் பெரிய முகக்கண்ணாடியைப் பிடித்துப் பக்கவாட்டிலிருந்து ஒளியை வீசச் செய்யலாம்; அல்லது பொழுது சாய்ந்த பின் டோர்ச் விளக்கைக் கல்லின் பக்கமாகத் தரையோடு பிடித்து, விளக்கை நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுக்கலாம். பாசியை நீக்கியே ஆக வேண்டுமானால் சுத்தமான தண்ணீரும் மென்மையான நார்த் தூரிகையும் மட்டும் போதும், அதையும் உறுதியான கருங்கல்லில் மட்டும் செய்யுங்கள். கம்பித் தூரிகை, கழிவறை கழுவும் அமிலம், பிளீச்சிங் பவுடர், சவர்க்காரத் தூள் எதுவும் வேண்டாம். எழுத்து தெரிய வேண்டும் என்று சோக்குக் கட்டியால் தேய்ப்பதும், கறுப்பு மையால் எழுத்தின் மேல் எழுதுவதும் நம் பக்கத்தில் வழக்கம். மை தீட்டுபவர் தாம் வாசித்ததையே எழுதுவார், அதன் பிறகு கல்லில் உண்மையில் இருந்ததை மீட்கவே முடியாது. விரலால் தடவும்போது மாவாக உதிரும் பளிங்கைத் தொடவே வேண்டாம்.

சாய்ந்து நிற்கும் கல்லை நிமிர்த்தவும் முயலாதீர்கள். அவற்றின் எடை பார்வைக்குத் தெரிவதைவிட மிக அதிகம். பிள்ளைகளை அழைத்துச் செல்கிறீர்கள் என்பதால் இதைச் சற்று அழுத்தியே கூறுகிறேன். மூடுகல் பெயர்ந்த குழிகளுக்குள் குளவிக் கூடு இருக்கவும் கூடும்.


சங்கிலிக்காரர் எழுதியது:

தம்பி, நான் நில அளவையாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சவக்காலை ஏன் தப்பியது என்பதை வரைபடத்தை வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். கடைவீதிக்குத் தண்ணீரும் வண்டிப் பாதையும் வேண்டும் என்பதால் அது ஆற்றங்கரைச் சமதரையில் அமைந்தது. தேவாலயத்துக்கும் சவக்காலைக்கும் துரைமார் மேட்டைத் தேர்ந்தார்கள். ஈரமில்லாத நிலம் என்பது ஒரு காரணம், பல தோட்டங்களிலிருந்து குதிரையில் வருகிறவர்களுக்குப் பொதுவான இடம் என்பது இன்னொரு காரணம். டிக்கோயாவில் 1878 இல் கட்டப்பட்ட வோர்லி தேவாலயமும் அதன் கல்லறைகளும் இன்று காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே அழகாக நிற்பதற்கும் அந்தத் தேர்வே காரணம். 1965 இல் கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ கட்டப்பட்டபோது தண்ணீர் அந்த மேட்டை எட்டவில்லை. தெல்தெனியாவின் பழைய நகரமும் இதே கதைதான், அது விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் போனது 1980களில்.

நீங்கள் தேட வேண்டிய முதல் ஆவணம், அணைக்கு முந்திய காலத்தில் நில அளவைத் திணைக்களம் ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கி வெளியிட்ட படங்களில் ஹட்டன் பகுதியைக் காட்டும் தாள். கொழும்பில் திணைக்களத்திலும் தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் கேட்டுப் பாருங்கள். பழைய ஊர், வண்டிப் பாதை, ஆறு, தோட்டப் பெயர்கள் எல்லாம் அதில் வரும். இன்றைய படத்தை அதன் மேல் வைத்தால் எது மூழ்கியது, எது மிஞ்சியது என்று மாணவர்கள் தாமே கோடு போட்டுக் காட்டுவார்கள்.

அனுமதி விடயத்தில் அவசரப்பட வேண்டாம். 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992 இலிருந்து பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் அவற்றை நடத்துகின்றன. ஆகவே தோட்ட முகாமையாளரின் எழுத்து மூல அனுமதி முதலில் வேண்டும். சவக்காலை மட்டும் தேவாலயத்தின் பெயரில் தனித் துண்டாக இருக்கவும் கூடும், அதைக் காணிப் பதிவகத்தில் பார்த்துக்கொள்ளலாம். தொல்பொருள் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், கண்டி உடன்படிக்கை கையெழுத்தான 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே இயல்பாகப் பாதுகாக்கிறது. மலைநாட்டின் தோட்டக்காலம் முழுவதும் அந்தத் திகதிக்குப் பிற்பட்டது என்பதால் நம்முடைய பழைமை எதுவும் தானாக அதற்குள் வராது. ஆயினும் நூறு ஆண்டைக் கடந்த ஒரு நினைவுச் சின்னத்தை அமைச்சர் வர்த்தமானி மூலம் தொல்பொருட் சின்னமாகப் பிரகடனம் செய்ய அதே சட்டத்தில் இடமுண்டு. அதற்கு விண்ணப்பிப்பவர் கையில் ஒழுங்கான பதிவு இருக்க வேண்டும், நீங்கள் செய்யப்போவது அந்த வேலையே.

ஆங்கிலக் கற்களைப் பொறுத்தவரை, பென்றி லூயிஸ் என்ற அரச அதிகாரி இலங்கையிலுள்ள கல்லறைக் கல்வெட்டுகளைத் தொகுத்து 1913 இல் வெளியிட்ட பெரிய பட்டியலை முதலில் பாருங்கள். உங்கள் கற்களில் சில அதில் இருந்தால், அன்று முழுமையாக இருந்து இன்று சிதைந்துபோன வரிகள் அங்கே கிடைக்கும். எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டில் எவர் துரையாக இருந்தார் என்பதை 19 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து வெளிவந்த ஃபெர்குசன் டைரக்டரி சொல்லும். கல்லில் பெயரும் ஆண்டும் தெரிந்தால் டைரக்டரியில் தோட்டம் கிடைக்கும்.


பிரட்டுக்களம் எழுதியது:

சேர், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த இழையைப் படித்துக்கொண்டு வரும்போது எனக்குள் எழுந்த கேள்வியைக் கேட்காமல் போக முடியவில்லை. துரைமாருக்குக் கல் இருக்கிறது, மதில் இருக்கிறது, 1913 இலேயே அச்சான பட்டியல் இருக்கிறது, டைரக்டரி இருக்கிறது. கண்டியில் அவர்களுடைய பழைய காவற்படைக் கல்லறைத் தோட்டத்தை 1990களில் திருத்திப் பராமரிக்கிறார்கள். காட்டு யானை அடித்து 1856 இல் இறந்த ஒரு துரையின் கல்லைக் கூட அங்கே விளக்கம் சொல்லிக் காட்டுகிறார்கள். பொகவந்தலாவையில் 1879 இல் அடக்கம் செய்யப்பட்ட யூலியா மார்கரெட் கமரன் அம்மையாரின் கல்லறையைப் பார்க்க, அவர் உலகறிந்த புகைப்படக் கலைஞர் என்பதால், வெளிநாட்டிலிருந்தே ஆட்கள் வருகிறார்கள். அந்தக் காட்டை வெட்டிய நம்முடைய ஆட்களுக்கு என்ன இருக்கிறது?

தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடந்தவர்களில் கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டானதை நினைவுகூர்ந்த 'மலையகம் 200' ஐ ஒட்டி 2023 இல் அதே பாதையில் நடைபயணம் போனபோது, வழியில் நின்று மலர் வைப்பதற்கு அடையாளம் ஒன்றும் இல்லை என்று போனவர்கள் சொன்னார்கள். மலைக்கு வந்து சேர்ந்தவர்களுக்கும் தோட்டத்து இடுகாட்டில் ஒரு மண்மேடும் தலைமாட்டில் ஒரு கல்லும்தான், அந்தக் கல்லில் எழுத்தில்லை. எங்கள் தோட்டத்தில் பழைய இடுகாட்டின் மேலேயே பிற்காலத்தில் தேயிலைக் கன்று நட்டிருக்கிறார்கள். என் பாட்டி கொழுந்து எடுக்கும்போது அந்த மலையில் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவார். ஏன் என்று கேட்டால், 'எங்க மாமியார் இங்கதான் எங்கேயோ' என்பார். பாட்டியும் போய்விட்டார். இன்று அந்த மலையில் செருப்பைக் கழற்றுகிறவர்கள் யாரும் இல்லை.

ஆகவே உங்கள் வேலையைச் செய்யுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் மாணவர்கள் பிள்ளைப் பிராயத்தில் முதன்முதலாகச் செய்யும் ஆராய்ச்சி துரைமார் பெயர்களை எழுதுவதாக மட்டும் இருந்தால், வரலாறு என்றால் கல்லில் எழுதியவர்களுக்கு மட்டும் உரியது என்று அவர்கள் எண்ணிவிடக் கூடாது அல்லவா? தோட்டத்து இடுகாடு எங்கே இருந்தது என்று வயதானவர்களிடம் கேட்டு அதையும் குறித்தால் என்ன?


மேட்டுலயம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பிரட்டுக்களம் அக்கா கேட்டதில் கோபிக்க ஒன்றும் இல்லை. அந்தத் தமிழ்க் கல்லைக் கண்ட பிறகு மாணவர்களே இதையொத்த கேள்வியைக் கேட்டார்கள்: இவள் உபதேசியாரின் மகளாக இருந்ததால் கல் கிடைத்தது, அதே ஆவணியில் லயத்தில் இறந்த பிள்ளை எங்கே என்று. தோட்டத்தின் பழைய இடுகாடு ஓடைக்கு அப்பால் இருந்தது என்று சிலரும், அது தண்ணீருக்குள் போய்விட்டது என்று வேறு சிலரும் கூறுகிறார்கள். எழுத்தில்லாத இடத்தைப் பதிவு செய்வதற்கு எங்கிருந்து தொடங்குவது? இறப்புப் பதிவு எதிலாவது அவர்களுடைய பெயர்கள் இருக்குமா?


கூடலூர் மச்சான் எழுதியது:

தண்ணீருக்குள் போனது எது, போகாதது எது என்று சொல்லக்கூடியவர்களில் பெரும்பங்கினர் இன்று மஸ்கெலியாவில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி, நாடற்றவர்களாக இருந்த மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்றும் முடிவானது. எஞ்சிய 150,000 பேரின் கதியை 1974 இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அணை கட்டி ஊர் மூழ்கிய ஆண்டுகளும் 'கடவுச்சீட்டு வந்துவிட்டதா' என்று வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்ட ஆண்டுகளும் அருகருகே வருகின்றன. பழைய மஸ்கெலியாக் கடைவீதியில் சாமான் வாங்கியவர்கள், ஆற்றுக்கு அக்கரையில் பிணம் தூக்கிப் போனவர்கள், தப்புப் பறை அடித்தவர்கள் பலர் குடும்பத்தோடு கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போய், அங்கே தமிழ்நாட்டு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து எடுத்தார்கள். என் தாய்மாமனும் அப்படிப் போனவர்.

போன ஆண்டு கூடலூரில் அவரோடு பேசியபோது, பழைய மஸ்கெலியாவின் கடைகளை ஆற்றுப் பக்கத்திலிருந்து ஒன்று ஒன்றாக, யார் கடை, என்ன விற்றார்கள் என்று வரிசை தவறாமல் சொன்னார். ஊரை விட்டுப் போனவர்களிடம் ஊர் அப்படியே நின்றுவிட்டது. இங்கேயே இருந்தவர்களுக்குப் புதிய நகரம் பழையதை மறைத்துவிட்டது. எனவே கைத்தொலைபேசியில் வீடியோ அழைப்பு எடுத்து, கூடலூரிலும் கோத்தகிரியிலும் உள்ள உறவினர்களிடம் மாணவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் குடும்பத்தின் வழியே கேட்கட்டும். 'இடுகாடு எங்கே' என்று நேரடியாகக் கேட்டால் ஒரு கை நீட்டலோடு பதில் முடிந்துவிடும். 'பாடையைத் தூக்கிக்கொண்டு லயத்திலிருந்து எந்த வழியாகப் போனீர்கள், எங்கே இறக்கி வைத்தீர்கள், ஓடையைக் கடந்தீர்களா' என்று வழியைக் கேளுங்கள். நடந்த வழி யாருக்கும் மறப்பதில்லை.


ஏடுபடிப்பவன் எழுதியது:

பெயர்ப் பதிவுகளைப் பற்றி. இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867 இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தோட்டங்களில் நிகழ்ந்த இறப்புகளைத் தோட்டத்துத் துரை மாவட்டப் பதிவாளருக்கு அறிவிக்கும் முறையும் பிற்பாடு ஏற்பட்டது. அந்தப் பதிவுகள் நிறைவானவை அல்ல. பெயரை ஆங்கிலக் காதால் கேட்டு எழுதியிருப்பார்கள், காரணம் என்ற கட்டத்தில் 'காய்ச்சல்', 'வயிற்றுப்போக்கு' என்பவற்றைத் தவிர வேறு எதையும் காண்பது அரிது. இருந்தாலும் துரைமாரின் மதிலுக்கு வெளியே புதைக்கப்பட்டவர்களுக்குப் பெயர் இருக்கக்கூடிய முதல் இடம் அதுவே. மாவட்டச் செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பாடசாலை அதிபரின் கடிதத்தோடு கேளுங்கள். தோட்ட அலுவலகத்தில் பழைய செக்ரோல், அதாவது தொழிலாளரின் வரவு, சம்பளப் பதிவேடு, எதுவும் மிஞ்சியிருந்தால், அதில் மாத நடுவில் பெயர் வெட்டப்பட்டவர்களையும் கவனியுங்கள். ஓடிப்போனவர்களும் அதில் இருப்பார்கள், இறந்தவர்களும் இருப்பார்கள், இரண்டையும் இறப்புப் பதிவோடு ஒப்பிட்டால்தான் பிரிக்க முடியும்.

1884 என்ற ஆண்டையும் சற்று நினைத்துப் பாருங்கள். 1869 இல் தோன்றிய இலை நோய் கோப்பியை ஏறத்தாழ முடித்துவிட்டிருந்தது. அந்த மே மாதத்தில் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்து வந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. துரைமார் பலர் கடனோடு கப்பலேறினார்கள். தோட்டம் கைமாறும்போது நிலுவைச் சம்பளம் கிடைக்காமல் நின்றவர்கள், தாது வருஷப் பஞ்சத்துக்குத் தப்பி 1876, 1877 ஆம் ஆண்டுகளில் வந்து சேர்ந்த குடும்பங்களாகவும் இருந்திருப்பார்கள். அந்தச் சவக்காலையில் 1884 ஐ ஒட்டிய ஆங்கிலக் கற்கள் எத்தனை, அதே ஆண்டுகளில் பதிவாளரின் ஏட்டில் தமிழ்ப் பெயர்கள் எத்தனை என்று ஒரு வகுப்பு எண்ணிப் பார்த்தால், அது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத கணக்காக இருக்கும்.


சங்கிலிக்காரர் எழுதியது:

அந்தப் பிள்ளை பிரட்டுக்களம் சொன்னதை நான் வரைபடக்காரனாக ஏற்கிறேன். ஒரே தாளில் எல்லாவற்றையும் குறியுங்கள் தம்பி: சவக்காலையின் மதிலும் கற்களும், பழைய கடைவீதி, கோயில், விகாரை, பள்ளிவாசல், லயங்கள், தொழிலாளர் இடுகாடு. நேரில் அளந்ததை முழுக் கோட்டாலும், வாய்மொழியாகக் கேட்டதைப் புள்ளிக் கோட்டாலும் போடுங்கள். புள்ளிக் கோட்டின் பக்கத்தில் சொன்னவரின் பெயர் வேண்டாம், அவருடைய வயதும் அவர் எந்த லயத்தில் இருந்தார் என்பதும் போதும். இருவர் தனித்தனியே ஒரே இடத்தைக் காட்டினால் கோட்டைத் தடிப்பாக்குங்கள்.

கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் மலைச் சரிவில் பல மீற்றர் தவறும் என்பதால் கற்களுக்கு அதை நம்ப வேண்டாம். மதிலின் இரண்டு மூலைகளில் முளை அடித்து, ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு முளையிலிருந்தும் நாடாவால் அளந்தால் போதும். தாளில் கவராயத்தால் இரண்டு வில் போட்டால் வெட்டும் புள்ளியில் கல் நிற்கும். இடுகாடு இருந்ததாகச் சொல்லப்படும் இடம் நீர்த்தேக்கப் படுகையில் இருந்தால், வற்றிய காலத்தில் கூட மாணவர்களை அங்கே இறக்க வேண்டாம். மேலே காய்ந்தது போல் தெரியும் சேறு இடுப்பு வரை இழுக்கும். கரையிலிருந்தே திசைகாட்டி பிடித்துக் கோணம் எடுங்கள், அந்தப் புள்ளிக் கோட்டுக்கு அந்தத் துல்லியம் போதும். பங்குனி, சித்திரையில் நீர் இறங்கும்போது எனக்கு ஒரு செய்தி போடுங்கள். பழைய சங்கிலியும் திசைகாட்டியும் வீட்டில் இருக்கின்றன, எடுத்துக்கொண்டு வருகிறேன்.